இது எந்த ஓம்?

றஜீனாவின் வாயை முதலில் அடையாளம் கண்டவள் கலாவதி. ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடையில் காலை ஷிப்ட் முடித்து, மைல் எண்ட் நிலையத்தில் ரயில் மாறுவதற்காக நின்றபோது, தண்டவாளத்துக்கு அப்பால் சுவரில் அது ஆறடி அகலத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. மூக்கின் கீழ்ப்பாதி, அரைவாசி திறந்த உதடுகள், இடது ஓரத்தில் மிளகளவு மச்சம், கன்னத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணீர்த் துளி. அடியில் ஆங்கிலத்தில் ‘சரணாகதி’ என்று தலைப்பு. அதற்கும் அடியில், நவநீத் என்ற கலைஞரின் பெயரும் கண்காட்சியின் விலாசமும்.

கலாவதி படம் பிடித்து அனுப்பிவிட்டு உடனே அழைத்தாள்.

“இது உன்ரை வாயோ?”

“என்ரை மாதிரித்தான் கிடக்கு.”

“மாதிரி இல்லையடி. இருபத்தாறு வருஷமாய் எனக்கு முன்னாலை ஓயாமல் திறந்து மூடுற வாய். எனக்குத் தெரியாதோ?”

றஜீனாவுக்கும் தெரிந்தது. அந்தக் கண்ணீரும் தெரிந்தது. அது வெங்காயக் கண்ணீர்.

அவள் வேலை செய்வது ஹாக்னி விக்கில், நாற்பது கலைஞர்கள் வாடகைக்கு அறை எடுத்திருக்கும் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளக் கன்ரீனில். நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் சமூகத்தின் பசியைப் பற்றிப் படைப்பவர்கள். எல்லாரும் பன்னிரண்டரைக்குச் சரியாகச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். நவநீத்தும் அப்படித்தான். சென்னை அண்ணா நகர்ப் பிள்ளை; தகப்பன் வங்கியில் பெரிய அதிகாரி; மகன் லண்டனுக்கு வந்து வேரற்றவனாகி ஏழு வருடம் ஆகிறது. போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை, அவள் வெங்காயம் அரிந்துகொண்டே, போனை அலமாரியில் சாய்த்து வைத்து மச்சாளுடன் கதைத்துக்கொண்டிருந்தபோது, அவன் கமெராவுடன் வந்து எதிரில் நின்றான். பதினொரு நிமிடம் எடுத்தான். எடுத்து முடித்து, “ஆன்ட்டி, இத வச்சு ஒரு வொர்க் பண்ணட்டுமா?” என்று கேட்டான். ரோல்ஸ் கேட்டு எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவள் திரும்பிப் பாராமல், “ஓம் ஓம், செய்யும், செய்யும்” என்றாள்.

இங்கே யாழ்ப்பாணத்து ஓமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒற்றை ஓமைக் கட்டையாகச் சொன்னால்தான் சம்மதம். அதையே இரண்டாக்கி, இரண்டாவதைக் கொஞ்சம் இழுத்து, தலையை ஒரு பக்கம் சரித்துச் சொன்னால், ‘நீ சொல்லிக்கொண்டிரு, நான் செய்யப் போவதில்லை’ என்று பொருள். அண்ணா நகரில் இரண்டுமே கிடையாது. அங்கே ஆமா, அவ்வளவுதான்.

மச்சாளுடன் கதைத்ததும் இந்த இரட்டை ஓமில்தான். ரொறொன்ரோவில் இருக்கும் பிலோமினா மச்சாள், றஜீனாவின் காலமான கணவர் அன்ரனுக்கு அக்கா. அன்ரன் போன நாளிலிருந்து, நாலு வருடமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும் லண்டன் நேரம் நாலு மணிக்கு அழைப்பார். தனியாக மோர்டன் வீட்டில் ஏன் கிடக்கிறாய், இங்கே வா, பேஸ்மென்றில் அறை போட்டு வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகள் இரட்டையர், ஆளில்லாமல் மகள் கஷ்டப்படுகிறாள், உனக்கும் பொழுது போகும். றஜீனா ஒவ்வொரு சனிக்கிழமையும் “ஓம் ஓம்” என்பாள். நாலு வருடம் அந்த இரண்டு ஓமாலேயே ஒரு சமுத்திரத்தின் இந்தப் பக்கம் தாக்குப்பிடித்திருந்தாள்.

கலாவதி அனுப்பிய படம் மூன்று வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகப் பதினேழு நிமிடத்தில் ரொறொன்ரோ போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மச்சாள் கண்காட்சியின் இணையத்தளத்தைத் தேடிப்பிடித்து, அதிலிருந்த நாற்பது செக்கன் வீடியோவையும் பார்த்துவிட்டார்.

“உலகமே கேட்டிட்டுது றஜீனா. நீ எனக்கு ஓம் எண்டனீ. இனிக் கதை மாத்தேலாது. சனிக்கிழமை ரிக்கெற் போடப்போறன்.”

“மச்சாள், அது...”

“ஓம் எண்டால் ஓம்தானே!”

மச்சாளும் யாழ்ப்பாணம்தான். இரட்டை ஓமின் பொருள் அவருக்குத் தெரியாமல் இல்லை. எதிராளியின் சொல்லை அகராதிப்படி எடுத்துக்கொள்வதில் உள்ள வசதி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

*

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, ஷோர்டிச்சில் முன்பு சப்பாத்துத் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தின் வாசலில் றஜீனாவும் கலாவதியும் நின்றார்கள். ‘கலைஞர்களுடன் ஒரு முறைசாராச் சந்திப்பு’ என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது. உள்ளே நுழைந்தவுடன் ஒரு பெண் இருவர் நெஞ்சிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, கையில் ஒரு தாளும் ஆளுக்கொரு இலக்கமும் தந்தாள். தாளில் முறைசாராமல் இருப்பதற்குப் பதினொரு விதிகள் இருந்தன. ஒரு கலைஞருடன் ஏழு நிமிடம் மட்டும். மணி அடித்ததும் எழும்ப வேண்டும். ‘இதன் பொருள் என்ன’ என்று கேட்கக் கூடாது. ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்வது கலைஞரைச் சங்கடப்படுத்தலாம்.

“ஜிபி டொக்டரிட்டைப் போனாலும் பத்து நிமிஷம் தருவினம்” என்றாள் கலாவதி.

நவநீத்துக்கான வரிசையில் றஜீனாவின் இலக்கம் பதினாலு. அப்போது ஒன்பது நடந்துகொண்டிருந்தது. ஆகவே முதலில் படைப்பைப் பார்க்கப் போனார்கள்.

இருட்டறை. மூன்று சுவரிலும் மூன்று றஜீனா வாய். தரையில் மெத்தைகள்; அவற்றில் பதினைந்து பேர் காலை மடித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். படத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்திருந்ததால் அவளுடைய குரல் துறைமுகத்தில் கப்பல் கூவுவதுபோல வந்தது. ஓ...ம். மச்சாளின் குரலை முழுக்க எடுத்துவிட்டு அந்த இடங்களில் அலைச் சத்தம் போட்டிருந்தார்கள். கழுத்துக்கு மேலே மட்டும் படம் வெட்டப்பட்டிருந்தது. கீழே இறங்கியிருந்தால் சங்கிலியில் தொங்கும் சிலுவை தெரிந்திருக்கும். இன்னும் இறங்கியிருந்தால் வெங்காயம் தெரிந்திருக்கும்.

“நான் முப்பது வருஷமாய் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போறன்” என்று கலாவதி காதுக்குள் சொன்னாள். “என்னை ஒருத்தரும் சுவரிலை போடேல்லை. நீ மாதா கோயிலிலை ஞாயிறு பூசை தவறவிடாத ஆள். உன்னைப் பிடிச்சு மந்திரம் ஓத வைச்சிருக்கிறாங்கள்.”

“சிரிக்காதை கலா. இதென்ன கடல்?”

கலாவதி கடைசியில் ஓடிய எழுத்துகளைக் கூர்ந்து பார்த்தாள். “பிரைட்டன் எண்டு போட்டிருக்கு.”

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிறிய அட்டை. கலாவதி அதைத் தமிழாக்கி வாசித்தாள். “‘பெயர் அறியப்படாத ஒரு புலம்பெயர் பெண். இழப்பின் முன்னால் மொழி தோற்றுப்போகும் இடத்தில் அவள் ஆதி ஒலிக்குத் திரும்புகிறாள். இங்கே ஓம் என்பது சொல் அல்ல. பொருளுக்கு முந்திய ஒலி. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறாள். அவள் எதையும் மறுப்பதில்லை.’”

“கடைசியைத் திருப்பி வாசி.”

“அவள் எதையும் மறுப்பதில்லை.”

அட்டையின் மூலையில் பாதி வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. வாசலில் நின்ற ஊழியரிடம் கலாவதி விசாரித்துக்கொண்டு வந்தாள். முழு வட்டம் என்றால் விற்றாயிற்று. பாதி வட்டம் என்றால் பேச்சு நடக்கிறது. வடக்கே ஒரு பெரிய நகரத்து மியூசியம் இதை வாங்கப்போகிறது, இன்றைக்குக் கையெழுத்து. அதன் பிறகு படைப்பும் அட்டையும் அப்படியே நிரந்தரச் சேகரிப்புக்குப் போய்விடும். ஒரு எழுத்து மாற்ற முடியாது.

“வேதக்காரப் பொம்பிளைக்குப் பொட்டும் வைச்சுவிட்டாங்கள், பார்” என்றாள் கலாவதி.

றஜீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருடம் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அவளுடைய வாய், இந்த நாட்டின் ஒரு மியூசியத்தில், தலைமுறை தலைமுறையாக எதையும் மறுக்காமல் இருக்கப்போகிறது.

“அந்த அட்டையை மாத்தாமல் நான் இஞ்சையிருந்து போகமாட்டன்” என்றாள்.

*

இலக்கம் பதினாலு வரும் வரை கலாவதி சும்மா இருக்க முடியாமல், வரிசை இல்லாத இன்னொரு கலைஞரின் மேசையில் போய் உட்கார்ந்தாள். உயரமான வெள்ளைக்கார இளைஞன். அவனுக்குப் பின்னால் நூலில் ஐந்து பொலித்தீன் பைகள், காற்றடைத்துக் கட்டப்பட்டுத் தொங்கின. அவளுடைய கடையில் கறிவேப்பிலை போட்டுக் கொடுக்கும் அதே பைகள். தன் மூச்சைத் திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒன்றாக, அடைத்திருப்பதாக அவன் விளக்கினான்.

“சனி, ஞாயிறு மூச்சு விடவில்லையா?” என்று கலாவதி ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டான். தன் பத்து வருடக் கலை வாழ்க்கையில் இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை எதிர்கொண்டதில்லை என்றான்.

மணி அடித்தது. இலக்கம் பதினாலு.

நவநீத் கறுப்புச் சட்டையில், மேசைக்குப் பின்னால் களைத்த கண்களுடன் இருந்தான். றஜீனாவைக் கண்டதும் களைப்பு எங்கேயோ போயிற்று.

“ஐயோ, ஆன்ட்டி! நீங்க வருவீங்கன்னு நினைக்கவே இல்ல. சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனே!”

“சொல்லாமல் விட்டது நீர்தானே தம்பி.”

“இல்ல ஆன்ட்டி, சர்ப்ரைஸா...”

“அட்டையிலை ‘பெயர் அறியப்படாத பெண்’ எண்டு கிடக்கு. வியாழக்கிழமை மத்தியானம் ‘றஜீனா ஆன்ட்டி, ரெண்டு மீன் ரோல்ஸ்’ எண்டு கேட்டது ஆர்?”

நவநீத் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். “பேர் போட்டா அது ஒருத்தங்க கதை ஆயிடும் ஆன்ட்டி. பேர் இல்லேன்னா எல்லாரோட கதையும் ஆயிடும்.”

“உம்மடை பெயர் பெரிசாய்க் கிடக்கே. அப்ப அது உம்மடை கதையோ?”

பக்கத்து மேசையில் கலாவதி பெரிதாக இருமினாள். அது இருமல் இல்லை.

“நான் எதையும் மறுக்கிறதில்லை எண்டு எழுதினது?”

“அது கியூரேட்டர் ஹாரியட் எழுதின டெக்ஸ்ட். நான் நோட்ஸ் மட்டும்தான் குடுத்தேன்.”

“தம்பி, அண்டைக்கு அந்தப் பதினொரு நிமிஷமும் நான் செய்தது மறுக்கிறது மட்டுந்தான். அதை நீர் அழிச்சுப்போட்டு அலை போட்டிருக்கிறீர். அதுவும் பிரைட்டன் அலை.”

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “உண்மையச் சொல்லட்டுமா ஆன்ட்டி? உங்க ஊர்ல ஓம்னா ஆமான்னு எடிட் பண்றப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தங்க பதினோரு நிமிஷம் ஆமா, ஆமான்னு சொல்லிட்டிருந்தா எந்த மியூசியம் வாங்கும்?”

“ஆமாவும் இல்லை எண்டுதானே சொல்லுறன்!”

“அப்புறம்?”

மணி அடித்தது. இலக்கம் பதினைந்து, கழுத்தில் பச்சைக் கம்பளிச் சால்வை சுற்றிய ஒருவர், கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஆன்ட்டி, ப்ளீஸ். மியூசியத்துல இருந்து வந்திருக்காங்க. இன்னிக்கு சைன் ஆகட்டும். மத்ததெல்லாம் அடுத்த வாரம் கேன்டீன்ல பேசிக்கலாம்.”

றஜீனா கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். பேருந்தில் யன்னல் ஓரத்து இருக்கையில், போய்ச் சேர இன்னும் நேரமிருக்கிறது என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

மணி இன்னொரு முறை அடித்தது. முறைசாராச் சந்திப்பின் மணியில் இப்போது முறை கொஞ்சம் சார்ந்துவிட்டிருந்தது.

*

ஹாரியட் விரைந்து வந்தாள். காதில் இரண்டு வேறு வேறு தோடுகள். முகத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு புன்னகை. நவநீத் எழுந்து ஏதோ முணுமுணுக்க, அவள் றஜீனாவின் மச்சத்தைக் கண்டாள். இருட்டறை வாசலுக்குள் தெரிந்த சுவரைப் பார்த்தாள். மறுபடியும் மச்சத்தைப் பார்த்தாள்.

“இவரா! கடவுளே, இவரேதானா!” என்று ஆங்கிலத்தில் கூவினாள். கூட்டம் திரும்பியது. மெத்தையில் தியானத்தில் இருந்தவர்கள்கூட எழுந்து வாசலுக்கு வந்தார்கள். பெயர் அறியப்படாத பெண், நெஞ்சில் ‘றஜீனா’ என்ற ஸ்டிக்கருடன் எல்லாருக்கும் காட்சியளித்தாள்.

ஹாரியட் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்மணியை இழுத்து வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, தட்டைச் சப்பாத்து, கையில் ஒரு ஃபைல், காதில் பென்சில். மியூசியத்தில் இருந்து வந்தவர். அந்த மண்டபத்தில் படைப்புகளைப் பார்த்துத் தலையசைக்காத ஒரே ஆள் அவர்தான்.

“கையெழுத்துக்கு முன்னால் இவரைச் சந்திப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை!” என்றாள் ஹாரியட். பிறகு, செவிப்புலன் குறைந்தவரிடம் கேட்பதுபோல ஒவ்வொரு சொல்லாக றஜீனாவிடம் கேட்டாள். “இந்தப் படைப்பு, உங்களுக்கு, சந்தோஷமா?”

றஜீனா நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வருட லண்டன் கன்ரீன் ஆங்கிலம் அவள் நாக்கில் தயாராக இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சரித்தாள்.

“ஓம் ஓ...ம்” என்றாள்.

மண்டபம் மூச்சடக்கியது. பச்சைச் சால்வைக்காரர் கண்ணை மூடினார். யாரோ ஒருத்தி கைகூப்பினாள். ஹாரியட்டின் கண்களில் நீர் கோத்தது. பக்கத்தில் வெங்காயம் ஒன்றும் இருக்கவில்லை. கலாவதி மட்டும் மேசையில் முகம் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மூச்சுக் கலைஞன் அவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டான்.

“தம்பி” என்று றஜீனா நவநீத்தைத் தமிழில் கூப்பிட்டாள். “நான் இப்ப என்ன சொன்னனான் எண்டு இந்த அம்மாவுக்குச் சொல்லும்.”

நவநீத், “அவர்... அதாவது...” என்று ஆங்கிலத்தில் தொடங்கி, “யெஸ் என்று சொல்கிறார்” என்றான்.

சாம்பல் கோட்டுக்காரி காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

“அப்படியானால் அது ஒரு சொல்” என்றாள்.

“மன்னிக்கவும்?” என்றாள் ஹாரியட்.

“சுவரில் ஓம் சொல் அல்ல, பொருளுக்கு முந்திய ஒலி என்று இருக்கிறது.” அவள் ஃபைலைப் புரட்டினாள். “நாலாம் பக்கத்தில், ‘பங்கேற்பாளர் தன் தாய்மொழியில் வாய்மொழிச் சம்மதம் தந்தார்: ஓம், அதாவது யெஸ்’ என்று இருக்கிறது. கலைஞரின் கையெழுத்தும் இருக்கிறது. ஓமுக்குப் பொருள் இருந்தால் சுவர் பிழை. இல்லையென்றால் எங்களிடம் இவருடைய சம்மதம் இல்லை. எது?”

ஹாரியட்டின் பொதுப் புன்னகை திரும்பி வந்தது. “இரண்டும்தான். அந்தத் தெளிவின்மையில்தான் படைப்பே நிற்கிறது.”

“எங்கள் சட்டப் பிரிவு தெளிவின்மையை வாங்குவதில்லை.”

றஜீனா இப்போதுதான் தன் ஆங்கிலத்தை எடுத்தாள். வரிசையில் முந்தியடிப்பவர்களை ஒழுங்குபடுத்தும் அதே நிதானமான ஆங்கிலம்.

“மேடம், மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ஒரு ஓம் என்றால் யெஸ். இரண்டு ஓம் இழுத்துச் சொன்னால், நோ. மரியாதையான நோ. வயதுக்கு மூத்தவர்களுக்கு, வேலையிடத்தில் தொந்தரவு செய்பவர்களுக்கு நாங்கள் சொல்வது. படத்தில் நான் என் மச்சாளுக்குப் பதினொரு நிமிடம் நோ சொல்கிறேன். பிறகு இந்தத் தம்பி கேட்டபோது இவருக்கும் அதைத்தான் சொன்னேன். அழவில்லை. வெங்காயம் அரிந்தேன். நான் கத்தோலிக்கப் பெண். என் பெயர் இவருக்குத் தெரியும்.”

பெண்மணி நவநீத்தைப் பார்த்தாள். நவநீத் தரையைப் பார்த்தான். சப்பாத்துத் தொழிற்சாலைக் காலத்து ஆணி ஒன்று பலகையில் துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க இதுவே தருணம் என்பதுபோல நின்றான்.

“சரியா?” என்றாள் அவள்.

“பேர்... தெரியும்” என்றான் அவன்.

அவள் நேரே சுவருக்குப் போய், பாதி வட்டப் பொட்டை நகத்தால் கிளப்பி எடுத்து, ஃபைலின் உள்பக்கத்தில் ஒட்டினாள்.

“நாங்கள் விலகவில்லை. சரியான அட்டை, இவருடைய கையெழுத்து, இரண்டும் வரும்வரை பேச்சு இல்லை.”

ஹாரியட் றஜீனாவின் பக்கத்தில் குந்தி அமர்ந்தாள். குரலில் தேன். “அன்பானவரே, உங்களை ‘சமூகக் கூட்டாளி’ என்று குறிப்பிடலாம். ஆனால் அட்டை மாற்றம் குழுவுக்குப் போக வேண்டும். வடிவமைப்பாளர், அச்சு... ஆறு வாரமாவது ஆகும்.”

றஜீனா தன் நெஞ்சிலிருந்த ஸ்டிக்கரை உரித்தாள். மேசையிலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து, பெயருக்குக் கீழே தமிழில் எழுதினாள்: ‘மச்சாளுக்கு மாட்டன் எண்டு சொல்லுறா. கண்ணீர் வெங்காயம்.’ கலாவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் ஸ்டிக்கரையும் உரித்துக் கொடுத்து, அதில் அதையே ஆங்கிலத்தில் எழுதினாள். இருவரும் போய் அட்டையின் மேல், கடைசி வரி மறையும்படி, இரண்டையும் ஒட்டினார்கள். கலாவதி விரலால் ஓரங்களை அழுத்திவிட்டாள்.

“படைப்பைத் தொடக் கூடாது!” என்றாள் ஹாரியட். “விதி எட்டு!”

“படைப்பு நான்தான்” என்றாள் றஜீனா. “என்னை நான் தொடலாம்.”

கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். இது நிகழ்த்துகலையா என்று பச்சைச் சால்வைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். நவநீத் மெல்ல றஜீனாவிடம் வந்தான்.

“ஆன்ட்டி, உங்க மச்சாளோட ஆடியோ என்கிட்ட இருக்கு. அலைய எடுத்துட்டு அதயே போட்டுர்றேன். அப்ப நீங்க மறுக்கிறது எல்லாருக்கும் புரியும்.”

“அவவிட்டைக் கேட்டனீரோ?”

“இல்ல.”

“அப்ப போடாதையும். அவவின்ரை கதை அவவின்ரை. என்னைக் கேக்காமல் செய்த விளையாட்டை அவவோடையும் விளையாடாதையும்.”

அவன் தலையாட்டினான். சென்னைத் தலையாட்டல், அதற்கும் பல பொருள் உண்டு.

அப்போது றஜீனாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. மணி நாலு. ரொறொன்ரோவில் பதினொன்று, மச்சாள் காலைத் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார். றஜீனா எடுத்தாள். மண்டபம் இன்னும் கலையவில்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“றஜீனா, ஏஜென்ற் லைனிலை நிக்கிறான். புரட்டாதி பன்ரெண்டாம் திகதி இருக்காம். விலையும் குறைவு. போடட்டோ?”

றஜீனா தலையை ஒரு பக்கம் சரிக்கத் தொடங்கினாள். நாலு வருடப் பழக்கம். பாதியில் நிறுத்தி, தலையை நேராக்கினாள்.

“இல்லை மச்சாள்.”

“என்ன?”

“நான் வரமாட்டன். எனக்கு இஞ்சை வீடு இருக்கு, வேலை இருக்கு. பிள்ளையளைப் பாக்க வேறை ஆளைப் பாருங்கோ. உங்களிலை கோவம் இல்லை. ஆனால் வரமாட்டன். இவ்வளவு நாளும் மரியாதைக்கு ஓம் ஓம் எண்டனான். அதைக் கண்டவன் நிண்டவன் எல்லாம் எடுத்துத் தங்கடை பாட்டுக்கு அர்த்தம் சொல்லுறாங்கள். இனி உங்களுக்கு அது இல்லை.”

மச்சாளின் குரல், நாலு வருடத்தில் முதல்முறையாக, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வந்தது.

“அதை முதலே சொல்லியிருக்கலாம்தானே.”

“ஓம்” என்றாள் றஜீனா. ஒற்றை ஓம். கட்டையானது.

போனை வைத்தாள். பச்சைச் சால்வைக்காரர் கலாவதியின் தோளை மெல்லத் தட்டினார். “கடைசியில் ஒன்று சொன்னாரே. அதுவும் மந்திரமா?”

“அதுதான் யெஸ்” என்றாள் கலாவதி. “வித்தியாசம் விளங்கியதா? ஏழு நிமிடம் முடிந்தது, எழும்புங்கோ.” கடைசிச் சொல்லைத் தமிழிலேயே சொல்லிவிட்டாள். அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனாலும் ஓரடி பின்னால் போனார்.

இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். நவநீத் பின்னால் ஓடி வந்தான். கையில் போன், அதன் கமெரா ஏற்கெனவே திறந்திருந்தது.

“ஆன்ட்டி! இப்ப நீங்க பேசினீங்களே, அந்த ‘இல்லை’! அதோட பவரே வேற ஆன்ட்டி. இன்னொரு தடவ சொல்றீங்களா? பேர் போட்டுர்றேன், எல்லாம் போட்டுர்றேன். ரெக்கார்ட் பண்ணட்டுமா?”

றஜீனா கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். தலையை ஒரு பக்கம், நன்றாக, தாராளமாகச் சரித்தாள்.

“ஓம் ஓ...ம்” என்றாள்.

நவநீத் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.